அவர் பென்ஷன் வாங்கும் தேதி

"கைக்கு எட்டியதை வாங்கி வைத்துக்கொள், நாளைக்கு யார் கண்டார்?" என்பது உலகத்துக்கே பொதுவான புத்தி. பென்ஷன் விஷயத்தில் அமெரிக்கக் குடும்பங்களிலும் இதே பேச்சுத்தான். ஆனால் அங்கே கணவர் எந்த வயதில் பென்ஷனுக்கு மனுப் போடுகிறாரோ, அந்தத் தேதியே அவருக்குப் பிறகு மனைவி எவ்வளவு வருமானத்தில் காலம் தள்ளுவாள் என்பதையும் நிர்ணயித்துவிடுகிறது.

நம் நேயர்களில் எத்தனையோ பேருக்கு அண்ணனோ அக்காவோ அங்கே குடியேறி, ஓய்வு வயதை நெருங்கிக்கொண்டிருப்பார்கள். ஆகவே இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போமா?

மனைவிக்கும் பங்கு உண்டு

அமெரிக்க சர்க்காரின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935-ல் வந்தது. முதலில் உழைத்தவருக்கு மட்டும்தான் ஓய்வுத் தொகை. வீட்டில் அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதவளைப் பற்றிப் பேச்சே இல்லை! 1939-ல் சட்டத்தைத் திருத்தி, மனைவிக்குக் கணவர் தொகையில் பாதி, விதவைக்கு முக்கால் என்று வைத்தார்கள். 1972-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, விதவை முழுத் தொகையையே பெற வழி பிறந்தது. இன்று இந்த விதிகள் கணவன், மனைவி இருவருக்கும் ஒன்றுதான். மனைவி அதிகம் சம்பாதித்தவளானால், அவள் கணக்கில் கணவர் பயன் பெறுவார்.

பொதுவாகப் பத்து வருஷமாவது அங்கே வேலை பார்த்து வரி கட்டியவருக்கே ஓய்வுத் தொகை உண்டு. 1960-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழுத் தொகை கிடைக்கும் வயது 67. அவசரப்பட்டால் 62-லேயே வாங்கலாம். ஆனால் நூற்றுக்கு 30 குறையும். பொறுத்திருந்தால் 67-க்குமேல் வருஷத்துக்கு நூற்றுக்கு 8 வீதம் ஏறும். 70 வயதோடு ஏற்றம் நின்றுவிடும். அதற்குமேல் காத்திருப்பதில் லாபமில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஒரு கணவருக்கு 67 வயதில் மாதம் 2,000 டாலர் வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 62-லேயே வாங்கினால் 1,400 டாலர். 70 வரை பொறுத்தால் 2,480 டாலர். விலைவாசி ஏற்றத்துக்குத் தக்கபடி தரப்படும் உயர்வு இதற்குமேல் தனி.

"எட்டு வருஷம் சும்மா இருந்தால் 1,34,400 டாலர் போச்சே!" என்பார் ஐயா. நியாயமான பேச்சுத்தான். அவர் தொகையை மட்டும் பார்த்தால், விட்ட பணத்தைப் பிடிக்க அவருக்கு எண்பது வயது தாண்டிவிடும். அதுவரை இருப்போமா என்று அவர் கேட்பதில் தவறில்லை.

ஆனால் அம்மாவின் பக்கமும் பார்க்கவேண்டாமா? கணவர் காலமானபின், முழு வயதை எட்டிய மனைவிக்கு அவர் வாங்கிவந்த தொகை வரும். 70-ல் வாங்கத் தொடங்கியவரின் மனைவிக்கு 2,480 டாலர். 62-லேயே வாங்கியவரின் மனைவிக்கு 1,650 டாலர்தான். அதுவும், கணவரின் முழுத் தொகையில் நூற்றுக்கு 82½ பங்குக்குக் கீழே போகக்கூடாது என்று சட்டம் கைகொடுப்பதால்! மாதம் 830 டாலர் வித்தியாசம். அவள் உயிரோடிருக்கும்வரை இந்த வித்தியாசம் தொடரும். சாதாரணமாக மனைவி வயதில் இளையவள். பெண்களுக்கு ஆயுளும் சற்றுக் கூட.

இன்னொரு விஷயம். இருவரும் இருக்கும்போது வீட்டுக்கு இரண்டு தொகை வருகிறது. ஒருவர் போனால் பெரியது நிற்கும், சிறியது நின்றுபோகும். வாடகையும் மின்சாரக் கட்டணமும் பாதியாகிவிடுமா, என்ன?

யார் காத்திருப்பது?

இருவரும் வேலை பார்த்தவர்களானால், பல குடும்பங்களுக்கு ஒத்துவரும் வழி இது: குறைவாகச் சம்பாதித்தவர் முன்னதாக வாங்கி வீட்டுச் செலவைக் கவனிப்பது, அதிகம் சம்பாதித்தவர் 70 வரை பொறுப்பது. கடைசியில் தனித்து நிற்பவருக்குப் பெரிய தொகை மிஞ்சும். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். முன்னதாக வாங்குபவர் வேலையையும் தொடர்ந்தால், சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டும்போது பென்ஷனில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பார்கள்.

மனைவி வேலைக்கே போகாதவளானால் கணக்கு சற்று மாறும். கணவர் மனுப் போடும்வரை அவளுடைய பாதிப் பங்கு தொடங்காது. அந்தப் பாதியும் அவருடைய 67 வயதுத் தொகையில்தான், அதாவது 1,000 டாலர். அவர் பொறுத்ததற்காக ஏறாது. அவளே 62-ல் கேட்டால் 650 டாலராகக் குறையும். இருவரும் ஒரே வயதானால், கணவர் 67-லிருந்து 70 வரை காத்திருப்பதால் அவள் பங்கில் 36,000 டாலர் போகும். பின்னால் வரப்போகும் பெரிய தொகைக்கு இது விலை.

எல்லோரும் காத்திருக்கத்தான் வேண்டுமா? இல்லை. கையில் சேமிப்பு இல்லை, வேலையும் இல்லை என்றால் 62-ல் வாங்குவதே விவேகம். கடன் வாங்கிக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. இருவருக்குமே உடம்பு சரியில்லை என்றாலும் அப்படியே. ஆனால் கணவருக்கு மட்டும் உடம்பு சரியில்லை என்றால், "இருக்கும்வரை வாங்கிக்கொள்வோம்" என்ற அவசரம் அவளைத்தான் அதிகம் பாதிக்கும். அங்கேதான் நிதானம் வேண்டும்.

யார் கண்டார்?

இந்தத் திட்டத்தில் முதன்முதலாக மாதாந்திரப் பென்ஷன் பெற்றவர் ஒரு பெண்மணி: வெர்மான்ட் மாநிலத்து ஐடா மே புல்லர். அவர் கட்டிய வரி மொத்தம் 24 டாலர் 75 சென்ட். 1940 ஜனவரி 31 தேதியிட்ட முதல் செக் 22 டாலர் 54 சென்ட். அந்த அம்மாள் நூறு வயது வாழ்ந்து 1975-ல் காலமானார். அதற்குள் வாங்கிய தொகை 22,888 டாலருக்கு மேல்! "நாளைக்கு யார் கண்டார்?" என்ற கேள்விக்கு இப்படியும் ஒரு பதில் உண்டு.

அமெரிக்காவில் உங்கள் உறவினர் இந்த யோசனையில் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மனுப் போடுமுன் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, 62, 67, 70 என்று மூன்று பத்தி எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். ஒவ்வொரு பத்தியின் அடியிலும், ஒருவர் மட்டும் இருந்தால் என்ன வரும் என்று இன்னொரு வரியும் எழுதட்டும். அவசரப்பட்டு மனுப் போட்டவர்கள்கூடப் பன்னிரண்டு மாதத்துக்குள், வாங்கியதை எல்லாம் திருப்பிக் கட்டி, ஒரே ஒரு தடவை மனுவை வாபஸ் வாங்கலாம். ஆனால் கடைசி வரியை முதலிலேயே எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் இராது.