குடும்பச் சண்டையா, உயிருக்கு ஆபத்தா?

காஞ்சீபுரத்தில் பட்டு நெசவாளர் வீடுகள் பலவற்றில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. புருஷன் நெய்வான், மனைவி தார் சுற்றித் தருவாள், கோர்வைச் சேலையானால் கரைக்குத் துணையாகவும் உட்காருவாள். குடித்தனமும் பிழைப்பும் ஒரே கூரையின் கீழ். அங்கேயே அடியும் உதையும் விழுந்தால் அவள் எங்கே போவாள்? வெளியேறினால் கூலியும் போயிற்று!

"கல்லானாலும் கணவன்" என்று புத்தி சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தமிழகத்தின் முதல் மகளிர் போலீஸ் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் ஏற்பட்டது. இன்று காஞ்சீபுரத்திலும் ஒன்று உண்டு. ஆனால் எந்தத் தம்பதிக்குச் சமாதானம் பேசலாம், எந்த வீட்டில் அது உயிருக்கே உலையாகும் என்று போலீஸார் எப்படி அறிவது?

அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற நர்ஸ் 1980-களில் இதற்கென ஒரு கேள்விப் பட்டியல் வகுத்தார். அடி வரவர அதிகமாகிறதா? கொன்றுவிடுவேன் என்றானா? ஆயுதம் எடுத்தானா? கழுத்தை நெரித்தானா? அவள் பிரிந்துபோக முயன்றாளா? இவற்றுள் கழுத்தை நெரிப்பது கொடிய அறிகுறிகளில் ஒன்று. அப்படி நெரிக்கப்பட்டவள் பின்னர் கொலையுண்ணும் அபாயம் ஏழு மடங்குக்கும் அதிகம் என்கிறது 2008-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. வெளியே தழும்புகூடத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே காயத்தைப் பார்த்து ஆபத்தை அளப்பது தவறு.

நம் நாட்டில் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. புகார் வந்ததும், அவளுக்குள்ள உரிமைகளையும், பாதுகாப்பு அதிகாரியின் உதவியையும், இலவசச் சட்ட உதவியையும் போலீஸார் எடுத்துச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு அதிகாரி ஆபத்தை மதிப்பிட்டு, அவளையும் கலந்துகொண்டு, பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும்.

தறி வீட்டுப் பெண்ணுக்கு இன்னொன்று முக்கியம். வீடு யார் பேரில் இருந்தாலும் அங்கே குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. மாமனார் பேரிலுள்ள வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அவசியமானால் புருஷனையே வெளியேறும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பாதுகாப்பு உத்தரவை அவன் மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உதவிக்கு 181 என்ற எண்ணில் தொலைபேசியில் கூப்பிடலாம். புகார் சொல்லும்போது, கழுத்தில் கை வைத்ததையும் கொலை மிரட்டலையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிரேத விசாரணையில் கேட்கும் நூறு கேள்விகளைவிட, முன்கூட்டிக் கேட்கும் ஐந்து கேள்விகள் மேல்.