ஸ்டம்பு மேல ஒரு ரூபாய்
ஒற்றை ரூபாய்க் காசை வைத்து பேட்டிங் சொல்லித்தர முடியுமா? நம்ம மும்பை தாதரில், சாரதாஷ்ரம் பள்ளியின் கிரிக்கெட் கோச் ரமாகாந்த் ஆச்ரேக்கர் அதைச் செய்தார். சிவாஜி பார்க்கில் சாயங்காலம், பேட்டிங் ஆடும் பையன் களைத்துப்போன நேரம் பார்த்து, ஸ்டம்பு உச்சியில் ஒரு ரூபாய் வைப்பார். அவுட்டாக்கும் பவுலருக்கு அந்தக் காசு; கடைசிவரை அவுட்டாகாமல் நின்றால் பேட்டருக்கு! அப்படி ஜெயித்த காசுகள் சச்சின் டெண்டுல்கருக்குப் பெரும் பொக்கிஷம். எனக்கு அதைவிடப் பிடித்தது ஆச்ரேக்கரின் ஸ்கூட்டர். பையன் நிறைய மேட்ச் ஆடட்டும் என்று, சின்னப்பையன் சச்சினைப் பின்சீட்டில் உட்காரவைத்து மைதானம் மைதானமாக ஓட்டிப்போவாராம். எப்பேர்ப்பட்ட அக்கறை, பாருங்கள்! 1990-ல் அவருக்குக் கோச்சுகளுக்கான துரோணாச்சாரியா விருது கிடைத்தது.