குடி ரத்தத்தில் இருக்கிறதா?

மேலூர்ப் பக்கம் ஓர் ஊரில் மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவன் மட்டும் நின்றான். "சார், எங்க அப்பா குடிச்சே செத்தாரு. தாத்தாவும் அப்படித்தான். எனக்கும் வந்துருமா?" என்றான். அவன் இதுவரை ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. ஆனால், "அது அவனுக ரத்தத்துலயே இருக்கு" என்று யாரோ டீக்கடையில் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது.

'அவனுக' என்றால் யார்? அப்பாவும் தாத்தாவும் மட்டுமல்ல, மொத்தச் சேரியும்தான். குடும்பத்தில் குடி இறங்குமா என்பது ஒரு கேள்வி; சாதியில் இறங்குமா என்பது வேறு கேள்வி. டீக்கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

முதல் கேள்விக்குப் பதில், ஓரளவு ஆமாம் என்பதே. குடிக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறையப் பாதி மரபணு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. மீதிப் பாதி வாழ்க்கை.

அந்த மரபு மூளையில் எப்படித் தெரிகிறது? தலையில் மின்முனைகளைப் பொருத்தி, ஒரே மாதிரி ஒலிகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு புது ஒலியைக் கேட்கவைப்பார்கள். அது கேட்டு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூளையில் ஓர் அலை எழும். இதற்கு 'பி300' என்று பெயர். 1984இல் அமெரிக்காவில் ஹென்றி பெக்லைட்டர் குழு, குடிக்கு அடிமையான அப்பாக்களின் மகன்களைப் பரிசோதித்தது. 7 முதல் 13 வயதுச் சிறுவர்கள்; மதுவை அறியாதவர்கள். ஆனாலும் மற்றப் பிள்ளைகளைவிட அவர்களுக்கு அந்த அலை சிறிதாக இருந்தது. 1990களில் பெங்களூரு நிம்ஹான்ஸில் விவேக் பெனகல் குழுவும் நம் நாட்டுக் குடும்பங்களில் இதையே கண்டது.

கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது எழும் 'ஆல்பா' அலை சிலருக்கு மிக மெலிதாக இருக்கும். பதற்றமும் குடியும் சேர்ந்திருப்பவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. அமைதி கொள்ளாத மூளைக்கு மது கொஞ்ச நேரம் ஓய்வு தருகிறது. பிறகு அந்த ஓய்வுக்காகவே குடிக்கவேண்டி வருகிறது.

இனி இரண்டாவது கேள்வி. அமெரிக்கப் பூர்வகுடிகளையும் 'பிறவிக் குடிகாரர்கள்' என்றுதான் வெள்ளையர்கள் ஏசிவந்தார்கள். சமவெளிப் பூர்வகுடி இனம் ஒன்றைச் சேர்ந்த முந்நூறுக்கும் மேற்பட்டோரின் மூளை அலைகளையும் மரபணுக்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளியானது. 'தீட்டா' அலையோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை அது காட்டியது. அதே தொடர்பு வெள்ளையர்களிடமும் தென்பட்டது! ஒரே இனத்துக்குள் ஒருவருக்கு இருக்கும், அடுத்த வீட்டாருக்கு இருக்காது. சாதி பார்த்து வருவதில்லை.

நம் தெருவில் குடி அதிகம் என்றால் அதற்கான காரணத்தை வேறு இடத்தில் தேடவேண்டும். மலக்குழியில் இறங்கும் முன் குவார்ட்டரை நீட்டுகிற ஒப்பந்தக்காரரிடம் தேடலாம். அந்த வேலையையே தடைசெய்து 2013இல் சட்டம் வந்துவிட்டது. சாவு வீட்டில் பறையடிப்பவருக்குக் கூலியில் பாதியைப் பாட்டிலாகத் தரும் வழக்கத்தில் தேடலாம். 2003 முதல் அரசே சில்லறை விற்பனை செய்யும் டாஸ்மாக்கிலும் தேடலாம். நாற்றத்தைத் தாங்கக் குடித்தவனிடம் 'உன் ரத்தம்' என்று சொல்வது, குழிக்குள் இறக்கிவிட்டவனைத் தப்பவிடுகிற பேச்சு.

பையனிடம் சொன்னேன்: "வரும்னு எங்கயும் எழுதி வைக்கல தம்பி. ஆனா கூட்டாளி ஒரு கிளாஸ் நீட்டுனா, அவனுக்கு உள்ள ஆபத்தைவிட உனக்குக் கூடுதல். தொடாம இருந்தா அந்த அலை சின்னதா இருந்துட்டுப் போகட்டும்."

"அப்ப அண்ணனுக்கு சார்?" என்றான். அண்ணன் கட்டட வேலைக்குப் போகிறான். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறதாம்.

அப்படிப்பட்டவர்கள் வைராக்கியத்தில் திடீரென்று நிறுத்தக்கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையும் கொடுத்தேன். நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டு, "அம்மாகிட்ட காட்டுறேன்" என்று ஓடினான்.