சுற்றுலா ஐஸ் பெட்டியும் மளிகைக் கடையும்

பங்குனி வெயில் ஏறி, பள்ளிப் பரீட்சைகள் முடிகிற சமயத்தில் நமது பகுதிக் கடைகளில் ஒரு தனி வியாபாரம் தொடங்குகிறது. ஊட்டி, வால்பாறை, பர்கூர் மலை, தாளவாடி என்று குடும்பத்தோடு வேனிலும் காரிலும் கிளம்புகிறவர்கள் முதல் நாள் மாலை கடைக்கு வருகிறார்கள். முன்பெல்லாம் கட்டுச்சோறும் முறுக்கும் போதும் என்றிருந்தவர்கள் இப்போது கூடாரம், கேஸ் அடுப்பு ஆகியவற்றோடு குளிர்ப்பெட்டியும் எடுத்துச் செல்கிறார்கள். பால், தயிர், பன்னீர், வெண்ணெய், இட்லி மாவு, குளிர்பானம் எல்லாம் அதற்குள் போகின்றன. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, "ஏனுங்கண்ணா, நீங்க குடுத்த பால் மேட்டுப்பாளையம் போறதுக்குள்ள திரிஞ்சு போச்சுங்க" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தப்பு பாலில் இருக்கலாம், பெட்டியில் இருக்கலாம், அடுக்கிய முறையிலும் இருக்கலாம். வாடிக்கையாளர் கணக்கில் அது நம் கடைப் பால், அவ்வளவுதான். ஆகவே பெட்டியை அடுக்கும் முறையை நாமே தெரிந்து வைத்துக்கொண்டு, சாமான் கட்டும்போதே இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புவது நல்லது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஐஸ் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை என்பது. நாம் உள்ளே வைத்த குளிரைக் காவல் காப்பது மட்டுமே அதன் வேலை. இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கடை அலமாரியில் 30 டிகிரியில் இருந்த ஒரு லிட்டர் பாட்டில்கள் பத்தைப் பெட்டிக்குள் வைத்தால், அவற்றை 5 டிகிரிக்குக் கொண்டு வர 250 கிலோ கலோரி வெப்பம் வெளியேற வேண்டும். அதற்கே 3 கிலோவுக்கு மேல் ஐஸ் தீர்ந்துவிடும். ஐந்து கிலோ ஐஸ் வாங்கியவருக்குச் சித்தோடு தாண்டுவதற்குள் பாதிக்கு மேல் செலவாகிவிடுகிறது. மீதியை வைத்துக்கொண்டு அவர் இரண்டு நாள் ஓட்ட வேண்டும்! அதே பத்துப் பாட்டில்களும் முதல் நாள் இரவே பிரிட்ஜில் குளிர்ந்திருந்தால் அந்த ஐஸ் முழுவதும் மிச்சம்.

எனவே மறுநாள் பயணத்துக்கு என்று யாராவது சாமான் வாங்கினால், பாலையும் தயிரையும் மாலையே கட்டிக் கொடுத்துவிட வேண்டாம். "காலையில புறப்படறப்ப வந்து வாங்கிக்குங்க, சில்லுனு எடுத்து வைக்கிறோம்" என்று சொல்லலாம். இதில் நமக்கும் ஒரு கடமை உண்டு. மின் கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் பிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. பாக்கெட்டில் 5 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று அச்சிட்டிருக்க, விடிய விடிய வெதுவெதுப்பில் கிடந்த பாலைக் காலையில் மறுபடி குளிர வைத்து விற்றால், அது கடையை விட்டு இறங்கும்போதே பாதி ஆயுள் போன பால். அதை எந்தப் பெட்டியாலும் காப்பாற்ற முடியாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 27வது பிரிவில் விற்பனையாளரின் பொறுப்பைத் தனியாகவே சொல்கிறது. தயாரிப்பாளர் சொன்ன பாதுகாப்பு முறைக்கு மாறாகச் சரக்கைச் சேமிக்கும் அல்லது சப்ளை செய்யும் மொத்த வியாபாரிக்கும் விநியோகஸ்தருக்கும் அதே பிரிவில் பொறுப்பு வைத்திருக்கிறார்கள். இரவில் அணைக்கும் பிரிட்ஜில் மிச்சமாகும் காசு இந்த வம்புக்கு ஈடாகாது.

இனி பெட்டிக்கு வருவோம். வெறும் பெட்டியும் வெயிலில் கிடந்தால் சூடாகத்தான் இருக்கும். முதல் நாள் இரவே கொஞ்சம் ஐஸ் போட்டு மூடி வைத்துக் காலையில் அதைக் கொட்டிவிட்டு அடுக்கினால், பெட்டியின் சுவர் ஐஸைத் தின்னாது. அடியில் பெரிய கட்டியாக ஐஸ் இருக்க வேண்டும். உடைத்த ஐஸ் சீக்கிரம் குளிர வைக்கும், சீக்கிரமே உருகியும் போகும். பெரிய கட்டி மெதுவாக உருகும். ஆகவே கட்டியை அடியில் வைத்து, சாமான்களுக்கு இடையே உள்ள சந்துகளை உடைத்த ஐஸால் நிரப்புவதே சரியான முறை. சந்தில் காற்று நின்றால் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் குளிர்ந்த காற்று வெளியேறி வெயில் காற்று உள்ளே புகும். நம் ஊர் வெயிலுக்குப் பெட்டியில் பாதிக்குக் குறையாமல் ஐஸ் இருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். கிலோ கணக்குப் பார்த்து ஐஸில் சிக்கனம் செய்கிறவர்கள்தான் பிறகு பன்னீரைக் கீழே கொட்டுகிறார்கள்.

பெரிய கட்டி, நெருக்கமான அடுக்கு, நல்ல உறை ஆகிய மூன்றின் பலத்தில் ஒரு பெரிய வியாபாரமே நடந்திருக்கிறது. 1833இல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து டஸ்கனி என்ற கப்பல், ஏரியில் வெட்டிய ஐஸை 180 டன் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதக் கடற்பயணம், வழியெல்லாம் வெப்பமான கடல். வந்து சேரும்போது சுமார் 100 டன் மிச்சமிருந்தது! அந்த ஐஸ் வியாபாரி டியூடர் மெட்ராஸில் சரக்கை இருப்பு வைக்க 1842இல் கட்டியதுதான் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ். அந்த வியாபாரத்தில் உறையாகப் பயன்பட்டவை மரத்தூள் போன்ற சாதாரணப் பொருள்களே.

நமக்கு மரத்தூளும் தேவையில்லை. வீட்டில் பழைய பவானி ஜமக்காளம் இல்லாத குடும்பம் இங்கே உண்டா? அதை இரண்டாக மடித்துப் பெட்டியின் மேலும் பக்கங்களிலும் சுற்றி, வண்டிக்குள் வெயில் படாத இடத்தில் வைத்தால் ஐஸ் கூடுதல் நேரம் நிற்கும். வேனின் கூரை மேல் கட்டுவது மட்டும் கூடவே கூடாது.

காரில் மின்சாரத்தில் ஓடும் சிறு பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. அதன் காற்றுத் துவாரங்களை மூடினால் இயந்திரம் சூடாகிப் படுத்துவிடும். இவற்றில் இரண்டு ரகம் உண்டு. கம்ப்ரஸர் வைத்தது நிஜமான பிரிட்ஜ், ஐஸே கட்டும். விலை குறைந்த மற்ற ரகம், வெளியே உள்ள வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி வரை மட்டுமே குறைக்கும். ஈரோட்டு வெயில் 40 டிகிரி என்றால் உள்ளே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது கடினம். அதில் தண்ணீர் சில்லென்று இருக்கும், பால் நிற்காது. எலெக்ட்ரிகல் சாமான் விற்கும் நம் உறுப்பினர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லி விற்பது நாணயம். கம்ப்ரஸர் ரகத்தையும் முதல் நாள் இரவே வீட்டு மின்சாரத்தில் ஓட்டி, குளிர்ந்த சாமானை அதில் அடுக்கி எடுத்துப் போக வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டுத் தொடர்ந்து ஓட விட்டால், சிறிய காரின் பேட்டரி நாலைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலையில் மலை மேல் வண்டி கிளம்பாமல் நிற்கும்.

அடுக்கும் வரிசையில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. பச்சைக் கறியும் மீனும் எல்லாவற்றுக்கும் அடியில், மூடி இறுகிய பாத்திரத்தில் இருக்க வேண்டும்; முடிந்தால் தனிப் பெட்டியே நல்லது. கறித் தண்ணீர் தயிரிலோ வெள்ளரிக்காயிலோ சொட்டினால் குடும்பமே ஆஸ்பத்திரியில் படுக்க நேரிடும். சாப்பிடத் தயாராக உள்ளவை மேலே. முதலில் எடுக்க வேண்டியது கடைசியில் உள்ளே போக வேண்டும். குடிதண்ணீரையும் குளிர்பானத்தையும் வேறொரு சிறு பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை திறக்கும் பெட்டியில் பால் இருக்கக் கூடாது.

இட்லி மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புளித்த மாவு பையில் உப்பி வெடிக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. புளிக்காத மாவாகக் கொடுத்து, மூடியுள்ள தூக்குப் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டு ஊற்றி வைக்கச் சொல்லுங்கள். தயிர்சாதத்துக்குப் பாட்டிமார் கண்ட வழியே போதும்: சாதத்தில் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் விட்டால் மதியத்துக்குப் புளிக்காமல் இருக்கும். இரண்டாம் நாள் காபிக்கு அட்டைப் பெட்டியில் வரும் நீண்ட நாள் பாலைக் கொடுக்கலாம். பிரிக்கும் வரை அதற்குக் குளிரே வேண்டாம். தக்காளி, வெங்காயம், வாழைப்பழம், புளிசாதம், கச்சாயம், முறுக்கு இவையெல்லாம் பெட்டிக்குள் இடத்தை அடைக்கக் கூடாது. வாழைப்பழம் குளிரில் கறுத்தும் போகும். ஐஸ் மேல் கல் உப்பைத் தூவினால் நல்லது என்று யாரோ சொன்னதாகக் கேட்பார்கள். அது குல்பி செய்கிறவர் வேலை. உப்புப் பட்ட ஐஸ் உறைநிலைக்கும் கீழே இறங்கி, பாலையும் தயிரையும் உறைய வைத்துத் தானும் சீக்கிரம் கரைந்துவிடும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் குடும்பத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அதையும் இதே பெட்டியில் ஐஸ் மேல் போட்டுவிடுகிறார்கள். இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரை குளிர் வேண்டும், ஆனால் உறைந்துவிட்டால் அந்த மருந்து வீண். பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பதால் ஆபத்து அதிகம். துணியில் சுற்றி, சிறு டப்பாவில் போட்டு, ஐஸில் படாமல் மேல் பக்கம் வைக்க வேண்டும். பெட்டியோ ஐஸோ வாங்குகிறவர்களிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஐஸ் விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூன் முதல் விதித்திருக்கிறது. குடிதண்ணீரில் செய்தது என்று உறுதியாகத் தெரியாத பார் ஐஸை மோரிலும் சர்பத்திலும் போட வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள். பாட்டிலை உறைய வைத்துக் கொடுத்ததற்காக, அச்சிட்ட விலைக்கு மேல் "கூலிங் சார்ஜ்" வாங்குவது சட்டப்படி குற்றம். பெரிய ஃப்ரீசர் உள்ள கடைகள் ஜெல் பேக்குகளை உறைய வைத்து, முன்பணம் வாங்கிக்கொண்டு வாடகைக்குக் கொடுக்கலாம். அது நேர்மையான வருமானம். வாடிக்கையாளர் அதைத் திருப்பித் தர மறுபடி கடைக்கு வருவார்.

தண்ணீர் பாட்டிலையே உறைய வைத்து ஐஸாகப் பயன்படுத்துவது நல்ல யோசனைதான், உருகியதும் குடிக்கலாம். ஆனால் நீலகிரி மாவட்டத்துக்குள் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு. சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொண்டால் அவருடைய ஐஸ் முழுவதும் அங்கேயே போய்விடும். ஊட்டி, கோத்தகிரி போகிறவர்கள் என்றால் பாட்டிலைத் தள்ளாமல், மூடியுள்ள எவர்சில்வர் டப்பாக்களில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வைக்கச் சொல்லுங்கள். முழுக்க ஊற்றினால் உறையும்போது மூடி பிதுங்கும்.

தாளவாடி, மைசூர் போகிறவர்களிடம் எப்போது பண்ணாரியைத் தாண்டுவீர்கள் என்று கேட்டுவிட்டு ஐஸ் அளவைச் சொல்லுங்கள். திம்பம் மலைப்பாதையில் உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. ஒன்பது மணிக்குச் சற்றுப் பிந்திப் போய்ச் சேர்ந்தாலும் விடியும் வரை அடிவாரத்தில் நிற்க வேண்டியதுதான். அப்படிப்பட்டவருக்கு ஒன்பது மணி நேரத்துக்கான ஐஸ் கூடுதலாக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் மதியமே கிளம்பச் சொல்லுங்கள்.