கப் அடுக்கும் போட்டியும் நம் மஹல்லா பிள்ளைக்கு வந்த அழைப்பும்



சென்ற மாத நிர்வாகக் கூட்டத்துக்கு 11 மனுக்கள் வந்திருந்தன. மருத்துவ உதவி கேட்டு ஆறு, கல்லூரிக் கட்டணத்துக்காக நான்கு. பதினோராவது மனுவை வாசித்ததும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பத்து வயது மகளைக் கப் அடுக்கும் சர்வதேசப் போட்டிக்கு அனுப்ப 78,000 ரூபாய் உதவி வேண்டும் என்று ஒரு தாய் எழுதியிருந்தார். "டீக்கடைப் பையன் தினமும் செய்யும் வேலை, இதற்கு ஒரு போட்டியா?" என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்தச் சகோதரி வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்துவிட்டது. முந்தானையைச் சரி செய்துகொண்டு தரையைப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பில் நாமும் இருந்தோம் என்பதை மறைக்கப் போவதில்லை. தெரியாத ஒன்றைப் பார்த்துச் சிரிப்பது எளிது. மனுவை ஒத்திவைத்துவிட்டு இரண்டு வாரம் விசாரித்தோம். இதே போன்ற அழைப்புகள் வேறு விளையாட்டுகளின் பெயரிலும் நம் பிள்ளைகளுக்கு வரத் தொடங்கியிருப்பதால், தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் விளையாட்டு. இதற்கு ஸ்போர்ட் ஸ்டாக்கிங் என்று பெயர். 1981 வாக்கில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஓஷன்சைடு என்ற ஊரில், சிறுவர் மன்றம் ஒன்றில் வேலை பார்த்த வெய்ன் கோடினெட் என்பவர், வழக்கமான ஆட்டங்களில் சலித்துப்போன பிள்ளைகளுக்குக் காகிதக் கப்புகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். அதுதான் தொடக்கம். 1990இல் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இது காட்டப்பட்டது. கொலராடோ மாநிலத்தின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பாப் ஃபாக்ஸ் அதில் ஈர்க்கப்பட்டு, 1995இல் தம் பள்ளியின் உடற்கல்வி வகுப்பில் சேர்த்தார். பிறகு அதற்கென்றே கப்புகள் தயாரிக்கும் ஸ்பீட் ஸ்டாக்ஸ் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். விதிகளையும் சாதனைப் பதிவுகளையும் கவனிக்க உலக ஸ்போர்ட் ஸ்டாக்கிங் சங்கம் 2001இல் ஏற்பட்டது. டென்வரில் நடந்துவந்த உலகப் போட்டி பின்னர் ஜெர்மனி, தென்கொரியா, கனடா என்று நாடு மாறி நடந்தது. மலேசியாவிலும் இதற்கு நல்ல வரவேற்பு உண்டு.

ஆட்டம் இப்படி. மொத்தம் 12 கப்புகள். தனிநபர் போட்டி மூன்று வகை. முதல் வகையில் ஒன்பது கப்புகளை மூன்று மூன்றாகப் பிரித்து, இரண்டின் மேல் ஒன்றாக மூன்று கூம்பு கட்டி, கட்டிய அதே வரிசையில் கலைக்க வேண்டும். இரண்டாவதில் 12 கப்பும் உண்டு: ஓரங்களில் மூன்று கப் கூம்பு, நடுவில் ஆறு கப் கூம்பு. மூன்றாவதுதான் கடினம், அதற்கு சைக்கிள் என்று பெயர். முதலில் 3-6-3 கட்டிக் கலைத்து, அப்படியே ஆறு ஆறாக இரண்டு கூம்பு கட்டிக் கலைத்து, கடைசியாக நடுவில் பத்தும் பக்கத்துக்கு ஒன்றுமாக வைத்து, அதையும் கலைத்துத் தொடங்கிய நிலைக்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கப் சரிந்தால் அந்த இடத்திலேயே சரி செய்துவிட்டுத்தான் தொடரலாம். சரி செய்யாமல் போனால் அந்த முயற்சி கணக்கில் வராது. மூன்று முயற்சி தருவார்கள், அதில் சிறந்த நேரம் எடுத்துக்கொள்ளப்படும்.

நேரம் பார்ப்பதற்கும் தனி விரிப்பு உண்டு. விரிப்பில் பொருத்திய கருவியின் மீது இரண்டு கையையும் வைத்திருக்க வேண்டும். கையை எடுத்ததும் நேரம் ஓடத் தொடங்கும், இரண்டு கையையும் மறுபடி வைத்தால் நிற்கும். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும். ரூபிக் கியூப் போட்டிகளிலும் இதே கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். தொடங்குவதும் முடிப்பதும் பிள்ளையின் கையிலேயே இருப்பதால், பக்கத்தில் நிற்பவர் தயவு பார்ப்பதற்கு இதில் இடமில்லை.

வேகத்துக்கு ஓர் அளவு சொல்கிறோம். பாப் ஃபாக்ஸின் மகள் எமிலி 2002இல் சைக்கிளை 7.43 நொடியில் முடித்தார். அது சில ஆண்டுகள் உலக சாதனையாக நின்றது. அந்தப் பெண் பிற்காலத்தில் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீராங்கனையும் ஆனார். 2017இல் வில்லியம் ஓரெல் என்ற அமெரிக்க இளைஞர் அதே சைக்கிளை 4.813 நொடியில் முடித்தார். நாம் ஒரு முறை ஸலவாத் சொல்லி முடிப்பதற்குள் அவர் மூன்று அடுக்கையும் கட்டிக் கலைத்துவிடுகிறார்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு பிள்ளையை அலுவலகத்துக்கு வரச் சொன்னோம். உம்மாவுடன் வந்தாள். கையில் துணிப்பை, அதற்குள் 12 பிளாஸ்டிக் டம்ளர். ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று சிறு துளை. போட்டிக்கான கப்புகளின் அடியில் துளை இருக்கும், உள்பக்கம் வரிவரியாக மேடும் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று விழும்போது காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் கப் இறங்காது. இறங்கிவிட்டால் எடுக்க வராது. இதைக் காணொலியில் பார்த்த அவள் வாப்பா, கோணி ஊசியைச் சூடாக்கித் தாமே துளை போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார்.

பிள்ளை மேசை முன் நின்று ஐந்து முறை அடுக்கிக் காட்டினாள். உம்மாவின் கைபேசியில் நேரம் பார்த்தோம். இரண்டு முறை சரிந்தது. நன்றாக வந்த முறை 14 நொடிக்குச் சற்று மேல். யாரும் கற்றுத் தராமல், டீ டம்ளரில் இந்த அளவுக்கு வந்திருப்பது சாதாரணமல்ல. மாஷா அல்லாஹ். கூட்டத்தில் சிரித்த அந்த உறுப்பினர்தான் "இன்னொரு தடவை செய்யும்மா" என்று இரண்டு முறை கேட்டார்.

பிறகு அழைப்பிதழைப் பார்த்தோம். வாட்ஸ்அப்பில் வந்தது. 'தங்கள் குழந்தை சர்வதேச சாம்பியன்ஷிப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது, நான்கு நாளுக்குள் முழுத் தொகையும் செலுத்தி இடத்தை உறுதி செய்யவும்' என்று இருந்தது. உலக உருண்டைப் படம், தங்க நிற எழுத்து, ஒரு கையெழுத்து. "தேர்வு எங்கே நடந்தது?" என்று கேட்டோம். "தேர்வு ஒண்ணும் நடக்கலே காக்கா. நான் பிள்ளையோட வீடியோவை ஸ்டேட்டஸ்ல போட்டேன். யாரோ பார்த்துட்டு நம்பர் கேட்டாங்க" என்றார் அந்தச் சகோதரி. பிள்ளையின் நேரத்தை அதுவரை எவரும் அளந்ததே இல்லை. அளக்காமல் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

அந்த அமைப்பின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்களிடம் நான்கு கேள்வி கேட்டோம். போட்டி எந்த உலக அமைப்பின் விதிப்படி நடக்கிறது, அதன் அங்கீகாரக் கடிதம் உண்டா? தகுதி நேரம் எவ்வளவு? கட்டணத்தில் நுழைவுக் கட்டணம் எவ்வளவு, பயணமும் தங்குமிடமும் எவ்வளவு? போட்டி நடக்காமல் போனால் பணம் திரும்ப வருமா? முதல் நாள் 'விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் நிச்சயம்' என்று பதில் வந்தது. நாம் கேட்டது அதுவல்ல. மறுபடி கேட்டோம். இன்றுவரை பதில் இல்லை.

ஒதுக்கீடு பற்றி ஒரு வார்த்தை. எந்தெந்த விளையாட்டுக்கு ஒதுக்கீடும் சலுகையும் உண்டு என்பதற்கு அரசின் பட்டியல் இருக்கிறது. அதை நேரில் பார்க்காமல் இப்படிப்பட்ட பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஸ்போர்ட் ஸ்டாக்கிங் ஒலிம்பிக் விளையாட்டு அல்ல. கட்டணம் கட்டிய எவரும் கலந்துகொள்ளும் வகையில் நடக்கும் போட்டிகள் பல விளையாட்டுகளில் உண்டு, அதில் தவறும் இல்லை. ஆனால் அதற்குப் பெயர் பதிவு, தேர்வு அல்ல. பெயரில் 'சர்வதேச' என்று போட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

கூட்டத்தில் எழுந்த இன்னொரு கேள்வி, இப்படிப் போட்டிக்குப் போவது மார்க்கப்படி கூடுமா என்பது. நம் பள்ளிவாசல் ஹஸரத்திடம் கேட்டோம். விளையாட்டும் போட்டியும் தம்மளவில் விலக்கப்பட்டவை அல்ல என்றார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஆயிஷா நாயகியுடன் ஓட்டப் போட்டி வைத்த செய்தி அபூதாவூத் நூலில் இருப்பதை நினைவூட்டினார். பார்க்க வேண்டியது பரிசுப் பணத்தை. கலந்துகொள்பவர்கள் எல்லோரும் பணம் போட்டு, ஜெயித்தவர் அதை அள்ளிக்கொண்டு போனால் அது சூதாட்டத்தின் வாசல். கட்டணம் மண்டபத்துக்கும் நடுவருக்கும் செலவாகி, நடத்துபவர் தம் சார்பில் பதக்கம் கொடுத்தால் அது வேறு. ஆகவே பரிசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார். தொழுகை நேரத்தைப் போட்டி விழுங்காதபடி பார்த்துக்கொள்ளவும் சொன்னார். உடை விஷயத்தில் இந்த ஆட்டத்தில் சிரமமே இல்லை. வேலை செய்வது கைகள் மட்டுமே. முழுக்கை சட்டையின் மணிக்கட்டுப் பகுதி தொளதொளவென்று இருந்தால் கப்பைத் தட்டிவிடும், அவ்வளவுதான்.

அடுத்தது பணம். ஜகாத் நிதியிலிருந்து கொடுக்கலாமா? அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆவது வசனம் ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைச் சொல்கிறது. "வழிப்போக்கர் என்று ஒரு வகை இருக்கிறதே, பிள்ளை பயணம்தானே போகிறது?" என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்விதான். ஹனஃபி மத்ஹபில் வழிப்போக்கர் என்பவர் ஊரை விட்டு வந்த இடத்தில் கையில் பணமின்றி நிற்பவர். ஷாஃபிஈ மத்ஹபில் ஊரிலிருந்து புறப்படுபவரும் அதில் சேர்வார், ஆனால் பயணத்தின் நோக்கம் என்னவென்று பார்க்க வேண்டும். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை போகிறவரின் மனு அதே மேசையில் இருக்கும்போது, இந்த வாசகத்தை இழுத்து நீட்டிப் போட்டிச் செலவுக்குப் பொருத்த எங்களுக்கு மனம் வரவில்லை. ஜகாத் கணக்கைத் தொடவில்லை.

முடிவாக, அந்த அழைப்புக்குப் பணம் தருவதில்லை என்று தீர்மானித்தோம். அதே கூட்டத்தில், விதிப்படியான ஒரு செட் கப்பும் நேரக் கருவியும் பொதுநிதியிலிருந்து வாங்கவும் தீர்மானித்தோம். செலவில் பாதியை உறுப்பினர் ஒருவர் தம் ஸதகாவாகத் தந்துவிட்டார். யார் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதல் கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தச் செய்தியைப் பிள்ளையிடம் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. விமானத்தில் போகப் போவதாக அவள் வகுப்பில் சொல்லிவிட்டாளாம். உலகத்தில் வேகமானவர்கள் ஐந்து நொடிக்குள் முடிக்கிறார்கள், உனக்குப் 14 ஆகிறது என்று கணக்கை மறைக்காமல் சொன்னோம். அழுவாள் என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இன்னும் ஒன்பது செகண்டு குறைக்கணும்" என்றாள். உம்மாவுக்குத்தான் கண் கலங்கியது.

இந்த ஆட்டத்தால் படிப்பு உயரும், மூளை இரண்டு பக்கமும் வளரும் என்றெல்லாம் விளம்பரம் பார்க்கலாம். 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து வாரம் அடுக்கிப் பழகியபின் கண்ணும் கையும் ஒத்துழைப்பதிலும், சட்டென்று செயல்படும் வேகத்திலும் முன்னேற்றம் காணப்பட்டது. அந்த அளவோடு எடுத்துக்கொள்வோம். இடது கையும் வலது கையைப் போலவே வேலை செய்ய வேண்டியிருப்பது நல்ல பயிற்சிதான். கைபேசியைக் கீழே வைத்துவிட்டுச் செய்யும் வேலை என்பது நம் வீடுகளில் தனிப் பெருமை. மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்தப் போட்டிகளில் தனிப் பிரிவு இருக்கிறது என்பதை, நம் மஹல்லாவில் அப்படிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் கவனிக்கவும்.

பாஸ்போர்ட் எடுக்கலாமா என்று அந்தச் சகோதரி கேட்டார். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரைதான் செல்லும். போட்டி உறுதியான பிறகு எடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறோம். இப்படி அழைப்பு வரும் மற்ற பெற்றோர்களும் பணம் கட்டும் முன் அதை அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். அதே நான்கு கேள்வியை நம் தலைப்புத்தாளில் எழுதி அனுப்புகிறோம்.

கப்புகள் வந்து சேர்ந்துவிட்டன. சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை அறக்கட்டளை நூலக அறையில் பழகலாம். ஏழு வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் பிள்ளைகள் வரலாம். பெண் பிள்ளைகளோடு வீட்டிலிருந்து ஒருவர் வரவும். மேசை ஒன்றுதான் இருப்பதால் முறை வைத்துத்தான் அடுக்க முடியும். இப்போதைக்குச் சொல்லிக்கொடுப்பவள் அந்தப் பத்து வயதுப் பிள்ளைதான். சென்ற சனிக்கிழமை கருவியில் அவள் நேரம் 12.906.