கடைசி நாள்களில் ஆஸ்பத்திரிக்கு எத்தனை முறை?

தோட்டத்தில் வேலை இருந்தவரை வீடும் இருந்தது. வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஜாசின், அலோர்காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் பால் வெட்டிய நம் பெரியவர்களில், பிள்ளைகளோடு தங்க வழியில்லாதவர்கள் இன்று முதியோர் இல்லங்களில் இருக்கின்றனர். அரசின் ஸ்ரீ கெனாங்கான் இல்லம் மலாக்கா, செங்கிலேயே உண்டு. ஆனால் அது தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளக்கூடிய ஆதரவற்றவர்களுக்கே உரியது. படுக்கையில் விழுந்தவர்களைத் தனியார் இல்லங்களும் தருமத்தில் நடக்கும் இல்லங்களும் ஏற்கின்றன.

அங்கே ஓர் இரவு ஒருவருக்குக் காய்ச்சல் ஏறுகிறது, சளி கட்டுகிறது. பணியில் இருப்பவர் ஒரே ஒரு பெண். பயந்துபோய் 999-ஐ அழைக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்புக் கட்டணம் நாளொன்றுக்கு 3 வெள்ளிதான். ஆகவே செலவும் தடையில்லை. ஊசி, குழாய், பழகாத முகங்கள். சில நாள்களில் படுக்கைப் புண்ணோடு திரும்புகிறார். அடுத்த மாதம் மீண்டும் அதே பயணம்.

இடுப்பு எலும்பு முறிவு, தாங்க முடியாத வலி, மூச்சுத் திணறல் என்றால் ஆஸ்பத்திரிதான் சரி. முற்றிய ஞாபக மறதி நோயில் வரும் காய்ச்சலும் உணவு இறங்காமையும் வேறு வகை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 22 இல்லங்களில் இத்தகைய 323 பேரை 18 மாதம் கவனித்தது. நூற்றுக்கு 86 பேருக்கு உண்பதில் சிரமம் வந்தது. இறந்தவர்களில் பத்தில் நால்வர், கடைசி மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரி, குழாய் உணவு போன்ற ஏதேனும் ஒரு சிரமத்தை அனுபவித்தனர். நோயின் போக்கை முன்பே அறிந்திருந்த குடும்பங்களில் இது மிகக் குறைவு.

“பட்டினி போட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசுமே!” என்பதே நம்மவர் அச்சம். முற்றிய ஞாபக மறதியில் மூக்குக் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. விரும்பிய அளவுக்குக் கரண்டியில் கஞ்சி, உலர்ந்த உதட்டை நனைத்தல், வலிக்கு மருத்துவர் தரும் மருந்து: இவையும் வைத்தியமே.

ஆகவே நல்ல நிலையில் இருக்கும்போதே பெரியவரிடமும் பிள்ளைகளிடமும் கேட்டு, மருத்துவர் முன்னிலையில் எழுதி, இல்லத்துக் கோப்பில் வைக்க வேண்டும். படுக்கை நோயாளிகளை இருப்பிடத்திலேயே பார்க்கும் சேவையைச் சுகாதார அமைச்சு 2014-இல் தொடங்கியது. தங்கள் இல்லத்துக்கு அது கிடைக்குமா என அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கில் விசாரிக்கலாம்.

நன்கொடையாளர் பெருமக்களுக்கும் ஒரு சொல். சக்கர நாற்காலி வழங்கும் படம் மலர்தோறும் வருகிறது; இரவுத் தாதியின் சம்பளத்துக்கு யாரும் பெயர் கொடுப்பதில்லை. அந்த ஒரே பெண்ணுக்குத் துணையாக அனுபவமுள்ள ஒரு தாதி இருந்தால், பாதி இரவு அழைப்புகள் தேவைப்படா என்பது எம் கருத்து.

இன்னொரு பயம் போலீஸ். இல்லத்தில் இறந்தால் வம்பு வருமென்றே சிலர் கடைசி மணி நேரத்தில் அம்புலன்சை அழைக்கின்றனர். ஆஸ்பத்திரிக்கு வெளியே மரணம் நேர்ந்தால், அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தெரிவித்து அடக்க அனுமதி பெறுவது முன்பு வழக்கமான நடைமுறையாக இருந்தது; இப்போதைய நடைமுறையை முன்கூட்டியே விசாரித்து வைக்கலாம். இறந்தவரின் அடையாள அட்டையும் கிளினிக் அட்டையும் கையோடு இருக்கட்டும்.