கணினிக்குக் காய்ச்சலா, சென்சரில் பிழையா?

மாத்தளை மாவட்டத்துக்கென்று ஒரே காலநிலை கிடையாது. வடக்கே தம்புள்ளை, வெயிலும் புழுதியும் மிகுந்த உலர் வலயம். நக்கிள்ஸ் மலைத்தொடரில் ரிவர்ஸ்டன் பக்கம் ஏறினால் பனிமூட்டமும் குளிர்காற்றும். ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை இறங்கும். ஒரே மடிகணினி ஒரே வேலையைச் செய்தாலும், தம்புள்ளைக் கடையில் ஒரு வெப்பநிலையும் மலைத்தோட்ட வீட்டில் இன்னொன்றும் காட்டும். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

காற்றால் குளிரூட்டப்படும் கணினி, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிட முடியாது. அறை பத்துப் பாகை சூடானால் உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். மாசி மகத்தோடு மாத்தளை முத்துமாரியம்மன் தேர் முடிந்து பங்குனி வெயில் தொடங்கும்போது, ஏசி அறையில் யாரோ அளந்த எண்ணை நம் கணினியிலும் எதிர்பார்த்தால் சென்சர்மீது வீண்பழிதான் விழும்.

அதற்காகச் சென்சர் காட்டுவதெல்லாம் உண்மையென்றும் இருந்துவிட முடியாது. 2017இல் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் புரொசெசர்களை வாங்கியவர்கள் திடுக்கிட்டார்கள். உண்மையில் 38 பாகையில் இருந்த சிப், 58 என்று காட்டியது. மின்விசிறிகளை எல்லா மொடல்களிலும் ஒரே விதமாக ஓடவைக்க, நிறுவனமே 20 பாகையைக் கூட்டி வைத்திருந்தது. அதை அறிந்து கழித்துக் காட்டும் மென்பொருள் வந்த பிறகே குழப்பம் தீர்ந்தது.

இன்டெல் சிப்களின் கதை வேறு. அவற்றின் சென்சர் நேரடியாக வெப்பநிலையைச் சொல்வதில்லை. தாங்கக்கூடிய உச்சத்துக்கு இன்னும் எத்தனை பாகை மீதி என்றே சொல்கிறது. உச்சம் 100, மீதி 60 என்றால் மென்பொருள் 40 என்று காட்டும். அந்த உச்சத்தை மென்பொருள் 85 என்று தவறாக எடுத்துக்கொண்டால் திரையில் 25 தெரியும். சிப் கருகாமல் காப்பதே இந்தச் சென்சரின் வேலை என்பதால், உச்சத்துக்கு அருகில்தான் அதன் கணக்குத் துல்லியம். கணினி சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

மதர்போர்டில் இன்னொரு வகைக் கோளாறு உண்டு. சென்சரே பொருத்தப்படாத இணைப்பையும் மென்பொருள் வாசித்து, 127 அல்லது கழித்தல் 128 என்று காட்டும். இதை யாரும் நம்பமாட்டார்கள். நம்பும்படியான பொய்தான் ஆபத்து. சில கணினிகளில் 27.8 பாகை என்று ஓர் எண் நாள் முழுக்க அசையாமல் நிற்கும். உற்பத்தியாளர் நிரந்தரமாக எழுதிவைத்த 301 கெல்வினின் செல்சியஸ் வடிவம் அது. மாத்தளையின் அறை வெப்பநிலையோடு ஒத்துப்போவதால் எவருக்கும் ஐயம் எழாது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. இரவு முழுதும் அணைத்து வைத்த கணினியைக் காலையில் இயக்கியதும் மதர்போர்ட், ஹார்ட் டிஸ்க் இரண்டின் எண்களையும் சுவர் வெப்பமானியோடு ஒப்பிடுங்கள். மூன்றும் நெருங்கியிருக்க வேண்டும். அறையைவிடக் குறைவாக ஒன்று காட்டினால் அது பிழை. அடுத்து, கனமான வேலை ஒன்றைக் கொடுங்கள். புரொசெசர் எண் சில விநாடிகளில் தாவ வேண்டும். மதர்போர்ட் எண் மெதுவாக ஏற வேண்டும். அசையாத எண்ணை விட்டுவிடலாம். இரண்டு கண்காணிப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஒரே சிப்பை வாசித்தாலும் எண்கள் தாறுமாறாகும், ஒன்றை மூடுங்கள். ஐயம் நீங்காவிட்டால் மென்பொருளையும் பயோஸையும் புதுப்பித்துப் பாருங்கள்.

கணினி வேகம் குறைந்து, மின்விசிறி இரைந்து, தானாகவே அணைகிறதென்றால் திரையில் தெரியும் குறைந்த எண்ணை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். தூசியைத் துப்புரவாக்கி, காய்ந்த தேர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். திருத்தக் கொடுக்கும்போது "சூடாகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அறை வெப்பநிலை, சும்மா இருக்கும்போதும் வேலை செய்யும்போதும் காட்டும் எண்கள் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். நல்ல சென்சரைப் பழுதென்று எண்ணி மதர்போர்ட்டை மாற்றும் வீண்செலவு அதனால் தவிரும்.